தேவை: தலையாட்டத் தெரிந்த தொழில்நுட்பத் தலைவர்

வியாபாரத் திட்டத்துக்குப் பொருத்தமான தொழில்நுட்பத் தலைவர் வேண்டும் என்று கம்பெனிகள் வலைவீசித் தேடுகின்றன. பொருத்தம் என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது புரிய, பிரிட்டனின் டி.எஸ்.பி. கதை போதும். (போலீஸ் அதிகாரி அல்ல, வங்கி.)

2015-இல் ஸ்பெயினின் சபடெல் வங்கி அதை வாங்கியது. வங்கி ஓடிக்கொண்டிருந்ததோ பழைய முதலாளி லாய்ட்ஸின் கணினிகளில். புதிய கணினி அமைப்புக்கு மாறி, அதற்காக வருஷா வருஷம் அழவேண்டிய பணத்தை மிச்சம் பிடிப்பதுதான் மகத்தான வியாபாரத் திட்டம். வேலை எவ்வளவு என்று அளந்து பார்க்கும் முன்பே 2017 நவம்பர் என்று கெடு குறித்தார்கள். பிறகு கெடுவுக்கு ஏற்ப வேலையை வெட்டிச் சுருக்கினார்கள். அந்தக் கெடுவும் தவறிப்போனது வேறு விஷயம்.

புதிய அமைப்பைக் கட்டிக்கொடுத்தது சபிஸ் என்ற கம்பெனி. யாருடையது? சபடெலுடையதுதான். முதலாளி வீட்டுப் பிள்ளையின் வேலையில் எவன் குறை கண்டுபிடிப்பான்? சபிஸுக்குக் கீழே இன்னும் 85 கம்பெனிகள். எல்லாம் தயாரா என்று கேட்டதற்கு, தயாராகிவிடுவோம் என்ற நல்லெண்ணம் எழுத்தில் வந்தது. துருவிக் கேட்கவேண்டிய தொழில்நுட்பத் தலைவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். தரவு மையங்கள் இரண்டு. பளு தாங்குமா என்ற சோதனை நடந்தது ஒன்றில் மட்டும். இயக்குநர் குழு கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. கேட்டால் தேதி தள்ளிப்போகுமே!

2018 ஏப்ரலில் 52 லட்சம் பேரின் கணக்குகளை ஒரே வார இறுதியில் மாற்றினார்கள். 19 லட்சம் பேர் வரை தங்கள் பணத்தைத் தொடமுடியாமல் வெளியே நின்றார்கள். சிலருக்கு அடுத்தவன் கணக்கு திறந்தது, என்ன தாராளம்! நிலைமை முழுதாகச் சீராக டிசம்பர் ஆனது. மிச்சம் பிடிக்கக் கிளம்பியவர்களுக்கு அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 33 கோடி பவுண்டு செலவு.

2022-இல் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். கெடு குறித்த கனவான்கள்? தலைமை அதிகாரி 2018 செப்டம்பரிலேயே நாற்காலியைக் காலி செய்துவிட்டார். தனி ஆளாக அபராதம் கட்டியது தொழில்நுட்பத் தலைவராக இருந்த கார்லோஸ் அபார்கா ஒருவர்தான். அவர்மேல் தவறு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது அவர் மட்டுமா? விதித்த தொகை 1,16,600 பவுண்டு. வழக்கை இழுக்காமல் ஒப்புக்கொண்டதால் 30 சதவீதம் கழிவு, கட்டியது 81,620. 2023 ஏப்ரலிலேயே ஆடித் தள்ளுபடி!