பைன்சில் அண்ணன்

ரேடியோ மெக்கானிக் கையில் சோல்ட்ரான் 25 வாட் சால்டரிங் அயர்ன் இருக்கும். அவர் மேசை விளிம்பு கருகியிருக்கும். நம்ம அண்ணன் மேசையில் ஒரு வடு கிடையாது. மதுரை டவுன் ஹால் ரோட்டில் மின்சாமான் கடைகளைச் சுற்றும்போது அவர் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருப்பது பைன்சில் என்ற குட்டி சால்டரிங் அயர்ன். விலை 26 டாலர். வீட்டில் சொன்ன விலை வேறு, அது நமக்கெதற்கு?

அந்தக் குச்சிக்குள் ஓடுவது அயர்ன்ஓஎஸ் என்ற திறமூல ஃபர்ம்வேர். யாரும் பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம். அண்ணன் மாற்றுவார். மைனஸ் பட்டனை அமுக்கியபடி லேப்டாப்பில் கேபிளைச் செருகிப் புதுப் பதிப்பை ஏற்றுவார். என்ன வித்தியாசம் என்றால், "மெனுவைப் பாரு மாப்ள, எவ்வளவு ஸ்மூத்தா போகுது!"

கீழே வைத்தால் தூங்கும், தூக்கினால் விழிக்கும். உள்ளே அசைவறியும் சென்சார். அண்ணன் அதன் உணர்திறனை ஏற்றிய ஏற்றில், மிக்சி ஓடினாலும் முழித்துக்கொள்கிறது. திரை 96க்கு 16 புள்ளி. துவக்கப் படமாகக் கள்ளழகரை வரைந்தார். குதிரைக்குக் கால் போட இடம் பத்தவில்லை. "ஆத்துல எறங்கிட்டார்ல, கால் தெரியாது" என்கிறார். வைகையில் அவ்வளவு தண்ணீர் எந்த வருஷம் வந்தது என்று நாம் கேட்பதில்லை.

கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு முன் சுவரில் தொங்கும் சார்ஜரைத்தான் பார்ப்பார். "இது பிடியா?" மாப்பிள்ளை வீட்டார் மிரள்வார்கள். பிடி என்றால் பவர் டெலிவரி. பெரிய பிடி சார்ஜர் என்றால் 20 வோல்ட் தரும். எட்டு ஓம் முனையில் 50 வாட். சில விநாடியில் 300 டிகிரி. பழைய 5 வோல்ட் சார்ஜர் என்றால் அந்த வீட்டில் பெண் எடுக்கவே யோசிப்பார்.

இத்தனைக்கும் அவர் ஈயம் உருக்கி யாரும் பார்த்ததில்லை. போன முளைப்பாரிக்கு மேலூர்ப் பக்கம் போனபோதுதான் பார்த்தோம். கரண்ட் இல்லை, ஆம்ப்ளிஃபயர் பேட்டரியில் ஓடுகிறது, மைக் பின்னில் ஒயர் பிய்ந்துவிட்டது. குலவைக்காரப் பெண்கள் காத்திருக்க, அண்ணன் அதே பேட்டரியில் கிளிப்பை மாட்டினார்.

"12 வோல்ட்டுல 18 வாட்தான் தம்பி, கொஞ்சம் லேட்டாகும். ஏன்னா வோல்டேஜோட வர்க்கத்தை..."

"ஒட்டுனா போதும்ணே," என்றான் மைக்செட் பையன்.

ஒட்டியது. பத்து நிமிஷத்துக்கு அண்ணன்தான் ஊருக்கு நாட்டாமை.

உங்கள் வீட்டு டார்ச்சோ காலிங் பெல்லோ பழுதானால் தாராளமாகக் கூப்பிடுங்கள். காசு வாங்கமாட்டார், வேலையும் சுத்தம். ஆனால் ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று வாய்தவறியும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் இரவுச் சாப்பாட்டுக்கும் சேர்த்து உலை வையுங்கள்.