கல் பார்க்கப் போகிறவர்

அரூர் வட்டாரத்தில் மாதம் முதல் தேதி சம்பளமோ பென்ஷனோ வருகிற தெரு எதுவானாலும் அதில் ஒரு மனைக்காரர் இருப்பார். வீட்டுக்காரர் அல்ல, அவர் குடியிருப்பது வாடகை வீட்டில். ஆனால் சித்தேரி மலையடிவாரத்தில் ஒன்று, பைபாஸ் ஓரம் ஒன்று, மச்சான் சொன்னாரென்று சேலம் ரோட்டில் ஒன்று என மூன்று இடத்தில் 30க்கு 40 மனை வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் 1,200 சதுர அடி, இரண்டே முக்கால் சென்ட். மூன்றையும் கூட்டினால் எட்டேகால் சென்ட்தான் வரும் என்பதால் கூட்டிச் சொல்லமாட்டார். "மூணு எடத்துல பிராப்பர்ட்டி இருக்குது" என்பார்.

கண்ணில் படும் எதையும் அளந்துவிடுவது இவருடைய சுபாவம். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார், கூரையிலிருந்து தரைவரை ஒரு நோட்டம் விட்டு, "ரோடு போக நாலு மனை தேறும்" என்பார். சொந்தக்காரர் வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்தால், "ஜாதகம் கெடக்கட்டும், பையன் பேருல முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்பார். சாவு வீட்டில்கூடச் சுடுகாட்டுப் பாதை எத்தனை அடி என்பதில்தான் அவர் கவலை.

அடிவாரத்து மனையை அவர் வாங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேன் இலவசம், கோழி பிரியாணி இலவசம், அன்றே முன்பணம் கட்டினால் கால் கிராம் தங்கக் காசு. கையில் கொடுத்த வண்ணத் தாளில் சித்தேரி மலை மனைக்குப் பின்சுவர் போல நின்றது. பச்சையில் பூங்கா, நீலக் கோட்டில் ஒகேனக்கல் தண்ணீர், அம்புக்குறி போட்ட திசையில் பெங்களூரு. நேற்றுவரை கொள்ளு விதைத்த காட்டில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசையாக நின்றன. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலைக்கு விட்டது போக இருபதுக்குக் கொஞ்சம் கூட மனைகள் கிடைக்கும். ஏக்கரில் வாங்கிச் சதுர அடியில் விற்பதுதான் இந்தத் தொழிலின் முழு ரகசியமும். தாளின் அடியில் பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. "பஞ்சாயத்து அப்ரூவ்டு சார்" என்றார்கள். மனைப் பிரிவுக்கு அனுமதி தருகிற அதிகாரம் தலைவருக்குக் கிடையாது, நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு (டிடிசிபி) போகவேண்டும் என்பது பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

2016 செப்டம்பர் 9 அன்று அவருக்குச் சட்ட அறிவு பிறந்தது. வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பல ஆண்டுகளாக நடைமுறைக்கு வராமல் கிடந்த, அதே தடையைச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அக்டோபர் 20 அன்று அமலுக்கு வந்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன: அந்த அக்டோபர் 20க்கு முன் உண்டான மனைகள் கட்டணம் கட்டி வரன்முறை ஆகலாம். கெடு முடிந்தது, நீட்டித்தார்கள். முடிந்தது, மறுபடியும் நீட்டித்தார்கள். ஒவ்வொரு நீட்டிப்பும் இவருக்கு ஒரு பண்டிகை. இப்போது அரசாணை எண்ணும் தேதியும் அவர் நாவிலேயே இருக்கின்றன. பேத்தியின் பிறந்தநாளுக்குத்தான் காலண்டரைப் பார்க்கிறார். பத்திரம், வரன்முறை உத்தரவு, வரைபடம் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் சாமி அறையில் முருகனுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. விளக்கேற்றும்போது எண்ணெய் தெறித்தால் வீட்டம்மாவுக்குத் திட்டு விழும்.

மாதம் ஒரு ஞாயிறு கல் பார்க்கப் போவார். மனை பார்க்கப் போகிறேன் என்று சொல்லமாட்டார், பார்க்க அங்கே கல்லைத் தவிர ஒன்றுமில்லை. சில மாதம் கல்லும் இருக்காது. சீமைக்கருவேலம் மூடியிருக்கும். ஒரு முறை வடகிழக்கு மூலைக் கல், பக்கத்துத் தோட்டத்தில் துவைக்கிற கல்லாக நல்ல உத்தியோகத்தில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கித் தோளில் சுமந்து வந்து நட்டார். எங்கே நட்டார் என்பதுதான் வழக்கு. அடுத்த மனைக்காரர் மூன்றடி தள்ளி நட்டுவிட்டதாகச் சொல்கிறார். தாளில் பச்சையாக இருந்த பூங்காவைத் தேடிப் போனால், அதற்கும் மனை எண் போட்டுக் கிரயம் ஆகியிருந்தது. 

போன கோடையில் குடும்பத்தோடு நிஜமான சித்தேரிக்கே ஏறினார். காடும் கொண்டை ஊசி வளைவுமாகப் போகிற வழி. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். சாமை, புளி, பலா, தேன். பலாப்பழம் விலை கேட்கப்போன இடத்திலும் அவருக்கு நிலம்தான் கண்ணில் பட்டது.

"ஐயா, இங்க ஒரு அஞ்சு சென்ட் கெடைக்குமா?"

"அஞ்சு சென்ட்ல என்ன வெதைப்ப?" என்றார் பலா விற்ற பெரியவர்.

இவர் விளக்கினார். நிலத்தைத் துண்டு போட்டு, ரோடு விட்டு, துண்டுக்கு ஒரு நம்பர், ஆளுக்கு ஒரு பத்திரம். பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தம்பிக்குக் கல்யாணமானால் பக்கத்தில் இன்னொரு வீடு கட்டிக்கொள்வான் என்பதுதான் அவருக்குத் தெரிந்த மனைப் பிரிவு. அங்கே அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலத்தை அப்படி இஷ்டத்துக்குக் கைமாற்றவும் முடியாது.

"நம்பர் போட்டீங்க, சரி. தண்ணி எங்க இருக்குது?"

மனைக்காரர் பதில் சொல்லாமல் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தார். "கீழ இருக்குற கல்லையே காணோம்னு தேடிக்கிட்டிருக்கோம், இதுல மேல வேற" என்றார் வீட்டம்மா.

அவரைக் கேலி செய்துவிட்டு நாம் தப்பிக்க முடியாது. சொந்த மண் என்று ஒரு பிடி இருக்கட்டும் என்ற ஆசை நியாயமானது; அதைத்தான் வேன் ஏற்றிக் கூட்டிப்போய் விற்கிறார்கள். அடிவாரத்து மனையை இப்போது விற்கிற யோசனையில் இருக்கிறார். "ஒங்களுக்குன்னா கொறச்சித் தரேன்" என்று உங்களிடமும் வருவார். டிடிசிபி எண், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது மனைப் பிரிவானால் ரேரா எண், உட்பிரிவு ஆன தனிப்பட்டா மூன்றையும் கேளுங்கள். அவர் காட்டுவார். அப்புறம் ஐப்பசி மழையில் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். பிரியாணி யார் கொடுத்தாலும் சாப்பிடாமல் போங்கள்.