தங்க மெம்பரின் பசியாறல்: ஒரு ஜொகூர் கடிதம்

ஜொகூர் பாருவுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஊருக்கு எழுதும் கடிதங்களில் ஒரு காலத்தில் மூன்றே விஷயங்கள் இருந்தன: மழை, சம்பளம், அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்ற விசாரிப்பு. இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. தங்கும் விடுதியில் ஓசியில் கிடைத்த பசியாறல், அதாவது காலை உணவு!

பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் விருதுநகர்க்காரர் ஒருவர் தன் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய நீண்ட மடலும் அந்த ரகம்தான். அக்கா கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. "தம்பி, மே மாச லீவுக்கு நாங்க அஞ்சு பேரும் வர்றோம். நீ போட்டோ போட்டியே, கடல் தெரியுற ரூம், அது எங்களுக்கும் கிடைக்குமா?" பதிலை அச்சடித்தால் நான்கு பக்கம் வரும்.

தம்பி ஒன்றும் பெரிய பணக்காரர் இல்லை. கம்பெனி அவரைக் கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று விரட்டிக்கொண்டே இருக்கிறது. பில் கம்பெனிக்குப் போகிறது, விடுதியின் மெம்பர் புள்ளிகள் இவர் பெயரில் ஏறுகின்றன. இதில் திருட்டுத்தனம் ஏதும் இல்லை. இந்த ஏற்பாடு பிறந்ததே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். அமெரிக்காவில் 1978ல் விமானக் கட்டணத்தின் மேல் இருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்க வழி செய்தார்கள். போட்டி முற்றியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதத்தில் பயணிகளுக்கு மைல் கணக்கு எழுத ஆரம்பித்தது. அதைப் பார்த்து 1983ல் ஹாலிடே இன் விடுதியும் மேரியட்டும், 1987ல் ஹில்டனும் களத்தில் இறங்கின. எல்லோரும் குறிவைத்தது ஒரே ஆளைத்தான்: அடிக்கடி பயணம் போகிறவர், எந்த விடுதி என்று முடிவு செய்கிறவர், ஆனால் சொந்தக் காசைக் கொடுக்காதவர். வாடகையைக் குறைத்தால் அந்த லாபம் முதலாளிக்குப் போய்விடும். அதே செலவில் ஊழியருக்கு ஒரு ஆம்லெட்டும் ஆரஞ்சுச் சாறும் கொடுத்தால் அவர் அடுத்த முறையும் அதே வாசலில் வந்து நிற்பார்.

சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம், டைமண்ட் என்று, தங்கும் இரவுகளை வைத்து ஏறும் ஸ்டேட்டஸ் படிகளுக்குப் பெயர் வைத்த புண்ணியவான் தி.நகர் பக்கம் வந்து நகைச்சீட்டு கட்டிப் பார்த்திருப்பாரோ என்னவோ. இன்னும் கொஞ்சம் கட்டினால் கடைசித் தவணை கடைக்காரர் பொறுப்பு என்கிற அதே ஆசை. நடுவில் விட்டால் கட்டியதெல்லாம் வீண் என்கிற அதே பதைப்பு.

தம்பி முதலில் அக்காவை எச்சரிப்பது, கோல்டு எல்லாம் ஒரே கோல்டு இல்லை என்பதைத்தான். ஜொகூர் பாரு நகருக்குள் ஹில்டன் குடும்பத்து டபிள்ட்ரீ இருக்கிறது. ஐஎச்ஜி குடும்பத்து ஹாலிடே இன் இருக்கிறது. பெர்மாஸ் ஜெயாவில் மேரியட் வகையறாவின் ரெனைசான்ஸ், பாரடைம் மாலை ஒட்டி ஹயாத் பிளேஸ். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சட்டம். ஹில்டனில் கோல்டு என்றால் அறைக்கு இரண்டு பேருக்குக் காலை உணவு உண்டு. விதிப்புத்தகத்தில் 'கான்டினென்டல்' என்றுதான் போட்டிருக்கும், ஆனால் ஆசியாவில் பல இடங்களில் முழு பஃபேயையும் திறந்துவிடுகிறார்கள். மேரியட்டில் 25 இரவு தங்கி கோல்டு வாங்கினாலும் பசியாறல் கிடையாது. காலியாக இருந்தால் கொஞ்சம் நல்ல அறை, முடிந்தால் பகல் 2 மணி வரை அறையை வைத்துக்கொள்ளலாம், மற்றபடி ஒரு புன்னகை. சோற்றுக்கு 50 இரவு தங்கிப் பிளாட்டினம் ஆக வேண்டும். ஐஎச்ஜியில் அது டைமண்டுக்கு, அதாவது 70 இரவுக்கு அல்லது 1,20,000 புள்ளிக்கு. ஹயாத்தில் 60 இரவு தங்கிய குளோபலிஸ்ட்டுக்கு மட்டும் மனசு தாராளம்: அறைக்கு இரண்டு பெரியவர்களோடு இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்தே சாப்பாடு போடுகிறார்கள்.

"அத்தான் கிரெடிட் கார்டோட வந்த ஸ்டேட்டஸை எல்லா ரிசப்ஷன்லயும் நீட்டாதீங்க அக்கா" என்று எழுதுகிறார் தம்பி. அத்தானைப் பற்றிய கவலை நியாயமானது. இந்தியாவில் எச்டிஎஃப்சி வங்கியும் மேரியட்டும் சேர்ந்து 2023 ஆகஸ்ட்டில் ஒரு கார்டு கொண்டுவந்தன. அதன் ஆண்டுக் கட்டணம் வரி நீங்கலாக 3,000 ரூபாய், கூடவே சில்வர் ஸ்டேட்டஸ். அத்தானிடம் இருப்பது அதுதான். சில்வரை வைத்துக்கொண்டு இட்லி கேட்க முடியாது. கேட்டால் வைஃபை பாஸ்வேர்டு கொடுப்பார்கள்.

அடுத்த சிக்கல் தலை எண்ணிக்கை. விருதுநகர்க் குடும்பம் ஐந்து பேர்: அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், அம்மா. ஸ்டேட்டஸ் சோறு போடுவது இரண்டு பேருக்கு. பிள்ளைகள் விஷயத்தில் விடுதிக்கு விடுதி வயது வரம்பு மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அம்மா மூன்றாவது பெரியவர். அவருக்குக் காசு கட்டியே ஆக வேண்டும், நல்ல விடுதிகளில் அது ஆளுக்கு ஐம்பது வெள்ளியை, அதாவது ரிங்கிட்டைத் தாண்டும். ஒரு வெள்ளி இருபது ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டுப் பார்த்த அம்மா, "எனக்கு ரூம்லயே இட்லிப்பொடியும் பிரட்டும் போதும்" என்று இப்போதே அறிவித்துவிட்டாராம். முறை தெரிந்த தம்பி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓசிச் சோற்றுக்காகப் பெற்ற தாயை அறையில் பூட்டிவைத்தான் என்று ஊரில் பேசினால் பிளாட்டினம் வந்து காப்பாற்றுமா?

இந்த மடலிலேயே உருப்படியான பத்தி அறை பதிவதைப் பற்றியது. அகோடா, மேக்மைட்ரிப் போன்ற தளங்களில் இருநூறு ரூபாய் குறைகிறதே என்று பதிந்தால், பெரும்பாலான சங்கிலி விடுதிகளில் அந்தத் தங்கல் கணக்கிலேயே சேராது. புள்ளி வராது, இரவு ஏறாது, பசியாறலைக் கேட்கும் உரிமையும் இருக்காது. கொடுத்தால் அது மேசைக்குப் பின்னால் நிற்பவரின் பெருந்தன்மை, அவ்வளவே. விடுதியின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ, மெம்பர் எண்ணோடு பதிந்தால்தான் சட்டம் பேச முடியும். எண் இருக்கிறதே என்று தம்பியின் பெயரில் அறை போட்டு அக்கா தங்குவதும் நடக்காது. சலுகை தங்குகிற ஆளுக்குத்தான், கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் அறை தருவார்கள். கூடவே வெளிநாட்டவர் என்றால் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி. 2017 செப்டம்பரில் வந்த வரி இது. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. வேலை பெர்மிட்டில் இருக்கும் தம்பியும் கட்டத்தான் வேண்டும், அத்தனை வருஷமாக வெள்ளைச் சோற்றுக்கு சம்பல் தொட்டுச் சாப்பிட்டும் அந்தச் சலுகை வரவில்லை என்று அதற்கொரு தனிப் புலம்பல்.

சரி, அந்தக் கடல் தெரியும் அறை?

அது கடல் இல்லை. ஜொகூர் ஜலசந்தி. எதிரே தெரிவது சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் அடுக்குமாடிகள், நடுவே 1924ல் திறந்த காஸ்வே பாலம். நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே சன்னலைத் திறந்தால் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களின் விளக்குகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். மழையங்கியை முன்பக்கமாகத் திருப்பிப் போட்ட ஆட்கள், ஹேண்டில்பாரில் தொங்கும் கட்டுச்சோற்றுப் பை, அசையாமல் நிற்கும் பேருந்திலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கிவிடும் பெண்கள். ஊரார் படும் பாட்டை ஏசி அறையிலிருந்து பார்ப்பதற்குத்தான் இந்த அப்கிரேட். பாலத்துக்குப் பக்கத்தில், புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். அது முழுவீச்சில் ஓடினால் இந்தக் காட்சி கொஞ்சம் மெலியும் என்பது எதிர்பார்ப்பு.

அப்கிரேட் எந்த விடுதியிலும் 'காலியாக இருந்தால்' என்ற வார்த்தைக்கு உட்பட்டது. இந்த இரண்டு சொல்லில் விடுதிக்காரர்களுக்கு எத்தனையோ வாசல். எந்த அறை காலி என்பது அவர்கள் கணினிக்குத்தான் தெரியும். ஒரு விடுதியில் தம்பிக்கு அப்கிரேட் என்று கிடைத்தது அதே அறை, இரண்டு மாடி மேலே. லிஃப்ட்டில் கூடுதலாக ஏறியதுதான் மிச்சம். ஆகவே கிழமையைப் பார்க்கச் சொல்கிறார். ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனிதான் வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள். இப்போது சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் ஒரே நாள் ஓய்வு, ஒரே நாள் கூட்டம். சனிக்கிழமை இரவு சூட் கேட்பது தீபாவளிக்கு முதல் நாள் ரயில் டிக்கெட் கேட்கிற கதைதான். ஞாயிறு ராத்திரியோ திங்களோ போய் நின்றால் கேட்காமலேயே கிடைக்க வழி உண்டு. அக்கா வருகிற மே மாதம் இந்த வகையில் நல்ல மாதம். சிங்கப்பூர்ப் பள்ளிகள் பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் மூடும்.

திருமண நாள் என்று பொய் சொல்லலாமா என்று அத்தான் கேட்டிருந்தார். சொல்லலாம். கேக் வரும். ஆனால் இரண்டு மாதம் கழித்து அதே விடுதிக்குப் போய் மறுபடியும் திருமண நாள் என்றால், பழைய கேக்கைப் பற்றி அவர்கள் குறித்து வைத்திருப்பார்கள்.

டபிள்ட்ரீயில் மட்டும் ஸ்டேட்டஸ் எதுவும் இல்லாதவருக்கும் கை நிறைய ஒன்று உண்டு: அறைச் சாவியோடு சூடான சாக்லேட் சிப் குக்கி. ரகசியமாக வைத்திருந்த செய்முறையை 2020 ஏப்ரலில், ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் இருந்தபோது ஹில்டன் வெளியிட்டது. வால்நட், ஓட்ஸ், துளி எலுமிச்சைச் சாறு, முட்டையும் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் முதன்முதலாகச் சுட்டுப் பார்த்த பண்டமும் இதுதான். முட்டை தொடாத அம்மாவுக்கு இந்தச் செய்தி முக்கியம், விண்வெளிச் செய்தி அவ்வளவு முக்கியமில்லை.

பஃபே மேசைக்கு வருவோம். ஒரு மூலையில் நாசி லெமாக்: தேங்காய்ப்பால் சோறு, சம்பல், பொரித்த நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரித் துண்டு, அவித்த முட்டை. சைவக்காரர்கள் சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டு சம்பலைச் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கமான விபத்து. அந்தச் சிவப்புக்குள் பெலாச்சான் இருக்கும், அதாவது இறால் விழுது. அடுத்த மூலையில் பேக்கன். ஹலால் சமையலறை என்பதால் பன்றி இல்லை என்று நிம்மதியாக எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது பெரும்பாலும் மாட்டிறைச்சி. அட்டையில் 'டாகிங்' என்று இருந்தால் மாடு, 'ஆயாம்' என்றால் கோழி. மாடு தொடாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டு துண்டு தின்ற பிறகு அட்டையைப் படிப்பதில் பயனில்லை. அதற்கு அடுத்தது ரொட்டி சானாய். தோசைக்கல்லுக்குப் பின்னால் நிற்கும் அண்ணன் பெரும்பாலும் நம்மவர். "அண்ணே, பருப்புக் குழம்பு மட்டும் ஊத்துங்க" என்றால் புரிந்துகொள்வார், ஊரையும் விசாரிப்பார். ஜொகூர் லக்சாவும் இருந்தால் விடக்கூடாது. அரிசிச் சேமியாவுக்குப் பதில் ஸ்பகெட்டியில் செய்யும் மீன் குழம்பு அது. ஐரோப்பா போய்வந்த சுல்தான் அபு பக்கார் தந்த யோசனை என்று ஊரார் சொல்வார்கள்.

அக்காவுக்கு இந்த இடத்தில் ஒரு தடை உத்தரவும் உண்டு. பையில் டிபன் டப்பா கொண்டுவரக் கூடாது. மதியத்துக்கு நாலு வாழைப்பழம் எடுத்துப் போடுவது வேறு, ரொட்டி சானாயைப் பார்சல் கட்டுவது வேறு.

இந்த மெம்பர் உலகில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது, சாப்பாட்டுக்காக இல்லாமல் இரவுகளுக்காகவே தங்குகிறவர்கள். பாரிஸில் ஓர் இரவும் ஜொகூர் பாருவில் ஓர் இரவும் விடுதிக் கணக்கில் ஒன்றே ஒன்றுதான், வாடகை எத்தனை மடங்கு வித்தியாசப்பட்டாலும். டிசம்பர் நெருங்கும்போது பிளாட்டினத்துக்கு நாலு இரவு குறைகிறவர் சிங்கப்பூர் விலையில் அதை நிரப்புவதை விட, பாலத்தைத் தாண்டி வந்து வெள்ளிக் கணக்கில் நிரப்பினால் லாபம். அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கிடைக்கும் இலவச முட்டைக்காக இந்த ஆண்டு ஜொகூரில் வேலையில்லாமல் படுத்துக்கிடப்பது. புத்திசாலித்தனமா என்றால், வருஷம் முழுக்கப் பயணம் போகிறவருக்கு ஆமாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெளிநாடு போகும் குடும்பத்துக்குச் சுத்த நஷ்டம். படித்தவர்களும் இதில் வழுக்கி விழுகிறார்கள்.

பசியாறலுக்கு இத்தனை பாடு தேவையுமில்லை, ஏனென்றால் விடுதியை விட்டு இறங்கி ஜாலான் உங்கு புவான் பக்கம் நடந்தால் ராஜமாரியம்மன் கோயிலைச் சுற்றி நம் கடைகள் இருக்கின்றன. ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக், நாலைந்து வெள்ளியில் காலை முடிந்துவிடும். ஜாலான் தான் ஹியோக் நீயில் 1919 முதல் விறகடுப்பில் சுடும் ஹியாப் ஜூ பேக்கரியின் வாழைப்பழக் கேக் எந்தப் பஃபேயிலும் கிடைக்காது. கண்ணாடிச் சில்லுகளால் இழைத்த ராஜகாளியம்மன் கோயிலும் கார் எடுத்தால் சற்று தூரம்தான். இதற்கெல்லாம் ஸ்டேட்டஸ் கேட்பதில்லை.

இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா வேண்டாம் என்று 2023 டிசம்பரில் வந்த சலுகையை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்டிஏசி என்ற இணைய வருகை அட்டையை நிரப்ப வேண்டும். ஜொகூருக்கு வர நினைக்கும் குடும்பங்களுக்கு விருதுநகர்த் தம்பியின் யோசனையையே சொல்லலாம். சங்கிலி விடுதி எதிலாவது இலவசமாகச் சேர்ந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் தளத்திலேயே அறை போடுங்கள், ஞாயிறு இரவு முதல் தங்குங்கள். ஸ்டேட்டஸ் தானாக வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காக ஓர் இரவுகூடக் கூடுதலாகத் தங்காதீர்கள். அம்மாவின் சாப்பாட்டுக்கு மட்டும் கணக்குப் பார்க்காமல் ஐம்பது வெள்ளியை எடுத்து வையுங்கள்.