லேத் அண்ணை

கொழும்புத் தமிழரில் லேத் அண்ணை என்றொரு வகையினர் உண்டு. குடியிருப்பு வெள்ளவத்தை அடுக்குமாடியில். உலைக்களம் கொட்டாஞ்சேனையில், மச்சான் வீட்டுப் பின்வளவில். நாலாம் மாடி பல்கனியில் அலுமினியம் உருக்க அடுக்குமாடிக்காரர் சம்மதிக்கவில்லை. மச்சானின் சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணை 1970க்கும் 77க்கும் நடுவே, இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வளர்ந்த பெடியன். கடையில் ஒரு சாமானைக் காசு கொடுத்து வாங்குவது அவருக்கு இன்றைக்கும் தோல்விதான். 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது ஊரே தலையில் கைவைத்தது. அண்ணைக்கு மட்டும் பழைய உற்சாகம் திரும்பியது.

அவருடைய வேதம், டேவ் ஜிஞ்சரி என்ற அமெரிக்கர் 1980களில் எழுதிய புத்தக வரிசை. முதலில் கரி உலை. அதில் கழிவு அலுமினியத்தை உருக்கி வார்த்து லேத், அதாவது கடைசல் மெஷின். அந்த லேத்தின் துணையோடு ஷேப்பர், பிறகு மில்லிங் மெஷின். அமெரிக்கர் மரக்கரி என்ற இடத்தில் அண்ணைக்குச் சிரட்டைக்கரி. அலுமினியம் உருக 660 பாகை செல்சியஸ் வேண்டும். ஊத, மகள் ஒரு மாதமாகத் தேடும் ஹெயார் ட்ரையர் இருக்கிறது.

அண்ணி சோத்துப் பானைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அண்ணைக்கு அது பெருத்த அவமானம். "உது வெறும் தகடப்பா! வார்ப்புக்கு உதவாது. பிஸ்டன் எண்டால்தான் சிலிக்கன் இருக்கும், அச்சுக்குள்ளை மூலை முடுக்கெல்லாம் ஓடும்." அன்றிலிருந்து பானைகள் தப்பின, தெருவில் நிற்கும் த்ரீவீலர்களுக்குத்தான் கண்டம். எஞ்சினை அவர் பார்க்கும் பார்வையில் சாரதிமார் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வார்க்கும் நாளில் தேத்தண்ணிக் கோப்பையோடு கிட்டப் போகக்கூடாது. உருகிய அலுமினியத்துக்குள் ஈரம் அகப்பட்டால் நீராவி வெடித்து முகத்துக்கே விசிறும். ஆறிய வார்ப்பு சுருங்கும் என்று மரமாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செதுக்கியிருப்பார். வார்ப்பைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவரும்போது, "ஐயா, இது என்ன?" என்பார் கொண்டக்டர். "லேத்துக்குத் தலை," என்பார் அண்ணை. தலைக்கும் டிக்கெட் கிழிபடும்.

அடுத்தது சுரண்டல். வரவேற்பறை மேசைக் கண்ணாடியில் நீலச் சாயத்தை மெல்லிசாகப் பூசி, லேத்தின் உருக்குத் தண்டவாளத்தை அதில் வைத்துத் தேய்ப்பார். நீலம் பட்ட இடம் மேடு. அதைச் சுரண்டி, துடைத்து, மறுபடி தேய்ப்பார். தண்டவாளம் மட்டமாவதற்குள் கதவுப்பிடி, பால்மா டின், அண்ணையின் மூக்கு எல்லாம் நீலம். வந்த விருந்தாளி ஒருவர் அவருக்கு இருதய வருத்தமென்று பயந்து டொக்டரைக் கூப்பிடப் பார்த்தாராம்.

இத்தனைக்கும் அந்த லேத் கடைந்தது என்ன? லேத்துக்கு வேண்டிய உதிரிப்பாகம். அது முடிய, ஷேப்பருக்கு வேண்டிய உதிரிப்பாகம். செலவை யாரும் கேட்டால், "சீனாக்காரன்ரை லேத்தை உதோடை ஒப்பிடாதை," என்று கதையை மாற்றுவார்.

ஒருநாள் மருமகன் தேய்ந்த மின்விசிறி புஷ் ஒன்றைக் கொண்டுவந்தான். "மாமா, ஒண்டு கடைஞ்சு தாங்கோவன்."

அண்ணை வாங்கி அளந்தார். தாளில் வரைந்தார். வெண்கலமா, பித்தளையா என்று அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தார்.

"எப்ப கிடைக்கும்?"

"அவசரமோ?"

"இண்டைக்கு வேணும் மாமா. வீட்டிலை வேகுது."

அண்ணை அண்ணி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பஞ்சிகாவத்தையிலை ஒரு பெடியன் இருக்கிறான். பத்து நிமிசத்திலை கடைஞ்சு தருவான். நான் அனுப்பினதெண்டு மட்டும் சொல்லிப்போடாதை."