சிக்கன தீபாவளி
இவ்வருஷம் தீபாவளிக்கு ஒரு தித்திப்பு, ஒரு காரம், அதற்குமேல் வேண்டாமென்று குடும்பத்தலைவர் பிரகடனம் செய்வதும், மறுத்துப் பேசாத கிருஹலக்ஷ்மி, 4 பங்கு அரிசிமாவுக்கு 1 பங்கு வறுத்த உளுத்தமாவு என்ற கணக்கில் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே, காய்ந்த எண்ணெய் வீணாகலாமா என்ற தர்மசிந்தையால் ஓமப்பொடியையும், அது தனித்திருக்கலாகாது என்ற ஜீவகாருண்யத்தால் தேன்குழலையும் சேர்த்துக்கொள்வதும் நம் இல்லங்களின் சம்பிரதாயம். (தித்திப்பாகத் தேர்ந்த மைசூர்பாகு, பாகு முற்றிவிட்டபடியால், கத்திக்கு இணங்காமல் அம்மிக்குழவியை நாடியது வேறு கதை.) மிதாகாரமே உத்தமம் என்று தீர்மானமான அன்றே சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இடித்து, வெல்லமும் நெய்யுமிட்டு லேகியமும் கிளறியாகிவிடுகிறது, இத்தகைய தீர்க்கதரிசனம் எந்தச் சர்க்காருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. மிச்சத்தைக் குறைக்கவென்று பக்கத்து வீட்டுக்கு அனுப்பிய தட்டோ, அவர்களுடைய சிக்கன முறுக்கைச் சுமந்துகொண்டு திரும்பி வருகிறது.