சிக்கனச் சாப்பாட்டறை: காட்கோபர்த் தமிழ் இல்லங்களில் பழம்பொருள்களின் பதவி உயர்வு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

சாப்பாட்டறை என்பது நான்கு சுவர்களுக்கு உட்பட்ட ஓர் இடம் என்னும் கருத்து, வீட்டு அலங்காரம் பற்றி எழுதுவோரால் ஆராயாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டு வந்துள்ளது. மும்பை மத்திய ரயில்பாதையில் வித்யாவிஹாருக்கும் விக்ரோளிக்கும் இடையே அமைந்த காட்கோபரில் அக்கருத்து செல்லுபடியாவதில்லை. இங்குள்ள கோலிகளிலும் (சால் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் உள்ள ஒற்றை அறை வீட்டிற்கு மும்பையில் வழங்கும் பெயர் இது), குடிசை மறுவாழ்வுத் திட்டக் கட்டடங்களிலும், பந்த்நகரின் வீட்டுவசதிக் குடியிருப்புகளிலும் சாப்பாட்டறை ஒரு நேரமாகவே இருந்து வருகிறது. இரவு ஒன்பது மணியளவில் அது தோன்றுகிறது, பத்தரை மணிக்குப் படுக்கை விரிக்கப்பட்டதும் மறைகிறது. இவ்வளவு குறுகிய ஆயுளுடைய ஓர் அறையைக் குறைந்த செலவில், பழைய பொருள்களைக் கொண்டு புதுப்பிப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆய்வின் மையக் கருத்தான ‘பதவி உயர்வு’ இங்கே விளக்கப்பட வேண்டும். பயன் முடிந்ததென்று ஒதுக்கப்பட்ட பொருளை உருக்காமலும் அரைக்காமலும், அதன் உருவம் பெரிதும் சிதையாதபடி, முன்னிலும் மதிப்புள்ள பணியில் அமர்த்துவதே பதவி உயர்வு. இது மறுசுழற்சியினின்று வேறானது. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக் நொறுக்கப்பட்டுத் துகள்களாவது மறுசுழற்சி. அதே பிளாஸ்டிக்கால் ஆன பெயிண்ட் வாளி, கவிழ்க்கப்பட்டு, மேலே ஒரு திண்டு வைக்கப்பட்டு, ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு இருக்கையாவது பதவி உயர்வு. முன்னதில் பொருள் தன் முகத்தை இழக்கிறது. பின்னதில் சித்தப்பா இழக்க நேரிடலாம்.

2. வரலாற்றுப் பின்னணி

தமிழர் மரபில் உண்பதற்கெனத் தளவாடம் மிகக் குறைவு. மணைப்பலகை, பந்திப்பாய், வாழையிலை ஆகிய மூன்றும் போதுமானவையாக இருந்தன. இவற்றுள் மூன்றாவதைக் கழுவி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. செட்டிநாட்டு மாளிகைகளில் நூற்றுக்கணக்கானோர் உண்ணத்தக்க பந்திக் கூடங்கள் கட்டப்பட்டபோதும், பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே உண்டவர்கள் தரையில்தான் அமர்ந்தார்கள். அம்மாளிகைகள் சில பிரிக்கப்பட்டபோது வெளிவந்த கதவுகளும் நிலைகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் விற்பனைக்கு நிற்கின்றன. பழைய கதவுக்கு மறுவாழ்வு உண்டு என்னும் கொள்கைக்குத் தமிழகத்திலேயே முன்மாதிரி இருப்பதை இது காட்டுகிறது.

மும்பைக்குக் குடிபெயர்ந்த தமிழர் மனத்தில் மேசை நுழைந்தது உணவகங்களின் வழியாக எனக் கொள்ள இடமுண்டு. மாட்டுங்கா ரயில் நிலையத்தின் அருகே 1942 முதல் இயங்கிவரும் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் போன்ற இடங்களில் மேசைமேல் வாழையிலை விரிக்கப்பட்டது. இலையும் மேசையும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டபின், வீட்டிலும் ஒரு மேசை வேண்டும் என்னும் ஆசைக்குத் தடை ஏதும் எஞ்சவில்லை, இடம் ஒன்றைத் தவிர.

3. பதவி உயர்வுக்கு உரியோர்: ஒரு வகைப்பாடு

காட்கோபர் இல்லங்களில் உயர்வுக்குக் காத்திருக்கும் பொருள்கள் பெரும்பாலும் ‘மாளா’வில் தங்கியுள்ளன. மாளா என்பது கூரைக்குச் சற்றுக் கீழே அமைக்கப்படும் பரண்; நிர்வாக மொழியில் சொன்னால், காத்திருப்போர் பட்டியல். இப்பட்டியலில் உள்ளோரை மூவகைப்படுத்தலாம்.

முதல் வகை, தையல் மிஷினின் கால். சிங்கர் நிறுவனத்தின் மிஷினோ, கல்கத்தாவின் ஜெய் இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் 1930-களில் தயாரிக்கத் தொடங்கிய உஷா மிஷினோ, மேற்பகுதி பழுதான பின்னும் அதன் வார்ப்பிரும்புச் சட்டம் அழிவதில்லை. அச்சட்டத்தின்மேல் பலகை வைத்தால் கிடைக்கும் உயரம் ஏறத்தாழ 30 அங்குலம். உணவு மேசைக்கு உலகம் ஒப்புக்கொண்ட உயரமும் அதுவே. ஆயினும் இதன் உயர்வுக்கு அளவைவிட வலிய காரணம் ஒன்றுண்டு: மிஷின் பெரும்பாலும் மாமியாரின் சீர்வரிசையில் வந்ததாகையால், அதைப் பழைய இரும்புக்குப் போடும் அதிகாரம் வீட்டில் எவருக்கும் இல்லை. விற்க முடியாததை உயர்த்துவது அலுவலகங்களிலும் காணப்படும் வழக்கமே. இம்மேசையில் அமரும் சிறுவர்கள் மிதிப்பலகையை ஓயாமல் மிதிக்கிறார்கள் என்பதும், மிதிக்கும் வேகம் தட்டில் உள்ள பாகற்காயின் அளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்பதும் உடன்விளைவுகள்.

இரண்டாம் வகை, வளைமர நாற்காலி. ஆஸ்திரியாவில் மைக்கேல் தோனெத் 1859-இல் அறிமுகப்படுத்திய பதினான்காம் எண் நாற்காலி, நீராவியில் பதப்படுத்தி வளைத்த ஆறு மரத்துண்டுகளாலும் பத்துத் திருகாணிகளாலும் இரண்டு மரைகளாலும் ஆனது; பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. இந்தச் சாதனை ஐரோப்பாவில் வியப்பை உண்டாக்கியது. 2014 ஜூனில் வெர்சோவாவிலிருந்து வரும் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தபின் காட்கோபர் நிலையத்தின் காலை நேர நடைமேடையில் நிற்பவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. இக்குலத்தைச் சேர்ந்த நாற்காலிகள் மும்பையின் இரானி கஃபேக்களில் பல்லாண்டு உழைத்தன. கஃபேக்கள் மூடப்பட மூடப்பட அவை பழம்பொருள் சந்தையான சோர் பஜாரின் மட்டன் தெருவுக்கு வந்தன. பங்கார்வாலா (பழைய இரும்பு, தட்டுமுட்டுச் சாமான் வாங்குபவர்) கிலோக் கணக்கில் கொண்டுபோகும் ஒரு பொருள், காட்கோபரிலிருந்து அச்சந்தைக்கு அருகிலுள்ள சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையம் வரையிலான பயணத்திலேயே ‘பழசு’ என்னும் நிலையிலிருந்து ‘புராதனம்’ என்னும் நிலையை எய்திவிடுகிறது என்பதால், சிக்கனம் விரும்புவோர் அதை ரயிலேறுவதற்கு முன்பே மடக்குவது நன்று.

மூன்றாம் வகையும் இவ்வாய்வின் நாயகனும் கதவு. பழைய சால்களும் சொசைட்டிக் (கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம்) கட்டடங்களும் மறுகட்டுமானத்திற்காக இடிக்கப்படும் இந்நகரில், ஏழடி உயரமும் மூன்றடி அகலமும் ஒன்றரை அங்குலத் தடிமனும் கொண்ட தேக்குக் கதவுகள் தொடர்ந்து வெளிவருகின்றன. தேக்கில் இயல்பாகவே உள்ள எண்ணெய்ப் பசை கரையானை விலக்குகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், மரத்தூளை அழுத்திச் செய்த புதிய பலகைகள் ஊறி உப்பிப்போக, அறுபது மழைக்காலம் கண்ட கதவு அசைவதில்லை. அதைப் படுக்கவைத்துக் கால்கள் பொருத்தினால் உணவு மேசையாகப் பதவி உயர்வு பெறுகிறது. 

இவ்வகைப்பாட்டில் இடம்பெறாத ஒரு பொருளையும் குறிப்பிட வேண்டும். அடுத்த நிலையமான விக்ரோளியில் பெருந்தொழிற்சாலை கொண்ட கோத்ரேஜ், 1923 முதல் செய்துவரும் எஃகு அலமாரி அது. அது ஓய்வு பெறுவதே இல்லையாதலால் பதவி உயர்வு என்னும் வினாவே எழவில்லை.

4. செய்முறையும் பருவமும்

கதவை மேசையாக்கும் பணி டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே நடைபெற வேண்டும். மழைக்காலத்தில் பூசிய பாலிஷ் ஈரத்தால் வெளுத்துப்போகும். முதலில் பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, மீண்டும் தேய்த்து, பிறகே பாலிஷ் இட வேண்டும். பூட்டு இருந்த துளையை அடைப்பதா, உப்புச் சிமிழ் வைக்கப் பயன்படுத்துவதா என்பதில் இரு கொள்கைகள் உள்ளன. உடைந்த இடங்களை ஒட்டுவதற்கு 1959-இல் மும்பையில் பிறந்த ஃபெவிகால் பயன்படுகிறது. ஆசாரி வேலைக்கு வருபவரை இங்கு மிஸ்திரி என்றோ சுதார் என்றோ அழைப்பர். அவர் வரும்போது பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை சுத்தியல் ஓசை எழக்கூடாது என்னும் சொசைட்டி விதியும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

இவ்வளவு உழைப்பிற்குப் பின் வெளிப்படும் தேக்கின் ரேகைகள், முதல் சாம்பார்த் துளி விழுந்த மாலையே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பால் மூடப்படுகின்றன. விரிப்பு வாங்கியது மேசையைக் காப்பாற்றவே என்பதால், மேசை இருக்கும் காலம் முழுவதும் அது கழற்றப்படுவதில்லை. கீழே இருப்பது பர்மாத் தேக்கா, பழைய பிளைவுட்டா என்பது இதன்பின் நம்பிக்கை சார்ந்த செய்தியாகிவிடுகிறது.

5. உளவியல் விளைவுகள்

பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோ 1769-இல் வெளிவந்த தம் கட்டுரை ஒன்றில், தமக்குப் புதிய அங்கி ஒன்று வந்தபின் அறையிலிருந்த பழைய பொருள்கள் எல்லாம் அதற்குப் பொருந்தாதவையாகத் தோன்ற, வைக்கோல் நாற்காலி முதலாக ஒவ்வொன்றும் மாற்றப்பட்ட கதையைச் சொல்லி வருந்தினார். ஒரு புதுப்பொருள் தன் தரத்திற்கு ஏற்ற உறவினரை வீட்டுக்குள் அழைத்துவரும் இப்போக்கிற்கு, கிராண்ட் மெக்ராக்கன் 1988-இல் ‘திதரோ விளைவு’ எனப் பெயரிட்டார். பழம்பொருள் மேசை இவ்விளைவிற்கு மாற்றுமருந்து என்று கருதப்பட்டது. ஆனால் பாலிஷ் இட்ட கதவின் அருகே பழைய விளக்கும், விளக்கின் அருகே சுவரின் வண்ணமும், வண்ணத்தின் அருகே திரைச்சீலையும் தாழ்ந்தவையாகத் தோன்றியே தீர்கின்றன என்பதால், பழமைக்கும் உறவினர் உண்டு என்றே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

மற்றொரு விளைவை மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சோன், டான் ஏரியலி ஆகிய மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர்: தம் கையால் செய்த பொருளை, அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், மனிதர் மிகையாக மதிப்பிடுகிறார்கள். இதற்கு ‘ஐகியா விளைவு’ என்று பெயர். காட்கோபரில் இதன் வலிமை குறிப்பிடத்தக்கது. மேசையின் நான்கு கால்களுள் ஒன்று தரையைத் தொடாத நிலையிலும், தொடாத காலுக்கு அடியில் மடித்த தினசரியை வைத்துவிட்டு, “தரைதான் சரியில்லை” என்று கூறுவது குடும்பத் தலைவர்களின் வழக்கம்.

6. பரப்பளவுக் கணக்கு

சிக்கனம் பற்றிய நூல்கள் மரத்தின் விலையையும் வண்ணத்தின் விலையையும் கணக்கிடுகின்றன. தரையின் விலையைக் கணக்கிடுவதில்லை. ஏழடிக்கு மூன்றடிக் கதவு 21 சதுர அடியை அடைக்கும். இரு நெடும்பக்கங்களிலும் நாற்காலியை இழுத்து அமரப் பக்கத்துக்கு இரண்டரை அடி விட்டால், தேவை 56 சதுர அடியாகிறது. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் முதலில் வழங்கப்பட்ட வீடு 225 சதுர அடி. பின்னர் 269, இப்போது 300. ஆகவே பழைய வீட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையும், புதிய வீட்டில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாகவும் மேசை ஆட்கொள்கிறது. கணக்கிற்காகச் சதுர அடி 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இனாமாகக் கிடைத்த கதவு நிற்கும் தரையின் மதிப்பு 11,20,000 ரூபாய். ஒரு நாளில் ஒன்றரை மணி நேரமே பயன்படும் இத்தரை, எஞ்சிய நேரத்தில் சும்மா இருப்பதை எந்தக் குடும்பமும் அனுமதிப்பதில்லை; மேசைமேல் முதலில் செய்தித்தாளும், அடுத்து இஸ்திரிக்குப் போக வேண்டிய துணியும், இறுதியில் மாளாவிலிருந்து இறங்கிய பெட்டிகளும் குடியேற, உண்பவர்கள் மீண்டும் தரைக்குத் திரும்புகிறார்கள்.

ஒப்பீட்டிற்காகக் காட்கோபர் கிழக்கின் வல்லப் பாக் சந்தில் உள்ள காவ் கல்லியையும் (தின்பண்டக் கடைகள் வரிசையாக உள்ள தெரு) நோக்கலாம். அங்கே எவ்விதத் தளவாடமும் இன்றி, நின்றபடியே பாலாடைக்கட்டி தூவிய தோசையைப் பெருங்கூட்டம் உண்டு மகிழ்கிறது. மேசைக்கும் பசிக்கும் தொடர்பில்லை என்பதற்கு இது சான்றாகலாம். எனினும் அங்கே பாத்திரம் தேய்க்கும் பொறுப்பு வேறொருவருடையது என்பதால் ஒப்பீடு முழுமையானதன்று.

7. தீர்வும் முடிவும்

மேற்கண்ட இடர்ப்பாடு அனைத்திற்கும் அனுபவமுள்ள மிஸ்திரிகள் தரும் விடை ஒன்றே: கதவைக் கால்களின்மேல் நிறுத்தாமல், அதன் நெடும்பக்கத்தைக் கீல்களால் சுவரோடு இணைத்து, தேவையானபோது இறக்கும் மடக்கு மேசையாக்குவது. மேசையின் உயரம் 30 அங்குலமாகவும் கதவின் அகலம் 36 அங்குலமாகவும் இருப்பதால், கீழ்நோக்கித் தொங்கவிட்டால் தரையில் இடிக்கும். மேல்நோக்கித் தூக்கிச் சுவரோடு சேர்த்து மாட்டுவதே வழி. மடக்கிய நிலையில் அது அடைப்பது ஏழடி நீளமும் ஒன்றரை அங்குலத் தடிமனும் மட்டுமே, அதாவது 0.875 சதுர அடி. முன்சொன்ன விகிதத்தில் 17,500 ரூபாய். ஆக, ஒரு சோடிக் கீலின் உதவியால் குடும்பத்திற்கு 11,02,500 ரூபாய் மிச்சமாகிறது. இத்தொகை எவர் கைக்கும் வருவதில்லை என்பது பொருளாதார அறிஞர்கள் விளக்க வேண்டிய வேறு செய்தி.

நெடும்பக்கத்தில் கீல்களுக்கான துளைகள் ஏற்கெனவே இருப்பதால் புதிதாகத் துளையிட வேண்டியதில்லை. எதிர்ப்பக்கத்தில் பழைய தாழ்ப்பாளும் உள்ளது; மடக்கிய மேசை விழாதிருக்க அதையே சுவரில் மாட்டினால் போதும். இப்போது அது கீலில் தொங்குகிறது, தாழ்ப்பாளால் பூட்டப்படுகிறது, வீட்டார் தரையில் அமர்ந்து உண்ணும் நாள்களில் மூடியே இருந்து, விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கப்படுகிறது. இப்பணிகள் யாவும் கதவுக்கு உரியவை. எனவே, மேசையாகப் பதவி உயர்வு பெற்றதாக இவ்வாய்வு தொடக்கத்தில் கருதிய பொருளின் பணிப்பதிவேட்டில், சில காலம் உணவுத் துறையில் அயற்பணி ஆற்றியபின் அது தன் தாய்த்துறைக்கே திரும்பியது என்று திருத்திப் பதிவு செய்வதே முறையாகும்.