ஆருக்க ஆனை மக்கா?

புது வீட்டுக்குப் பேரு வச்சா போதாதா மக்கா? சின்னமும் வேணுமா? கேட்டுல ஒரு கேடயம், ரெண்டு பக்கமும் தும்பிக்கையத் தூக்குன ஆனை, நடுவுல சங்கு, அடியில லத்தீன் பாசையில ஒரு வரி. குடும்ப லோகோவாம். எவனோ கம்ப்யூட்டர்ல வரஞ்சு தந்தானாம். அதுக்கு ஜி.எஸ்.டி. வேறயாம். கொள்ளாம். உன் தாத்தா உசுரோட இருந்தா, அந்த வரிய வாசிச்சுச் சொல்ல ஆளு தேடி மார்த்தாண்டம் சந்தை முழுக்க அலஞ்சிருப்பாரு.

அவருக்க அடையாளம் என்ன தெரியுமா? தோள்ல கெடக்க ஒரு தோர்த்தும், வழியில வரும்பம் போடுக ஒரு செருமலும். அந்தச் செருமல் கேட்டா கடன் வாங்குனவன் வேலி சாடி ஓடுவான். அதுல்லா முத்திரை!

செரி, ஆசப்பட்டுட்ட. பைய இரி. இந்த ஆனையும் சங்கும் ஆருக்கதுன்னு ஒரு விசாரணை போட்டுருவோம்.

திருவிதாங்கூர் ராசாவுக்கதுன்னு சொல்லுவ. அந்தச் சங்கு அவருக்கே சொந்தமில்ல, தெரியுமா? அது பெருமாளுக்க சங்கு. மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில நாட்டை முழுக்க பத்மநாபசாமிக்கு எழுதி வச்சாரு. வாளைக் கொண்டு நடையில வச்சுட்டு, 'நான் சாமிக்க தாசன்'னு திருப்பி வாங்கினாரு. அதுக்கப்பறம் வந்த ராசா எல்லாரும் பத்மநாபதாசன்தான். குளச்சல்ல 1741-ல டச்சுக்காரனை ஓட விட்ட மனுசன், பட்டயத்துல 'தாசன்'னு போடுகாரு. நீ மாசத் தவணையில வீடு கெட்டிட்டு ஆனை போடுக.

காசுல சங்கு. 1888-ல அஞ்சல் ஸ்டாம்பு வந்துதே, ஒரு சக்கரம், ரெண்டு சக்கரம், நாலு சக்கரம்னு, அதுலயும் சங்கு. அப்பம் அதை நாக்குல தொட்டு ஒட்டுனவன் எல்லாம் ராசகுடும்பமா லேய்?

ராசாவுக்க பெருமையில பங்கு கேட்டு நிக்க ஆளு அப்பமும் உண்டு. செண்பகராமன்னு ஒரு பட்டம். ராசா குடுப்பாரு, வாங்குனவரை ஆனை மேல ஏத்தி வீதி சுத்தி வர விடுவாரு. ஊரு வாய் பொளந்து பாக்கும். ஊர்வலம் முடிஞ்சா என்ன ஆவும்? பட்டம் வீட்டுக்கு வரும், ஆனை கொட்டாரத்துக்குப் போவும். தீனி போடுகது ஆருன்னு ஆனைக்குத் தெரியும்.

வெள்ளக்காரன் இதுல பெரிய சமர்த்தன். கேடயத்துல படம் போடுகதுக்குன்னே லண்டன்ல ஒரு ஆபீஸ் வச்சிருக்கான். 1484-ல தொடங்குனது, இப்பமும் நடக்கு. காசு கெட்டணும், அவன் பாத்துத் தருவான். ராசா சின்னத்தை அப்படியே எடுக்க பெத்த பிள்ளைக்கே அனுமதி கெடையாது. பட்டத்து இளவரசன் கேடயத்துலயும் மேல மூணு பல்லு தொங்குக ஒரு வெள்ளைப் பட்டை போட்டுத்தான் குடுப்பான். அப்பன் போன பெறவுதான் அந்தப் பல்லு விழும்.

இன்னும் கேளு. ரெண்டாம் சார்லஸ்னு ஒரு ராசா. ராணிக்குப் பிள்ளை இல்ல. ராசாவுக்கு உண்டு, கைவிரல் தீருக அளவுக்கு. நாடகக் கொட்டகையில ஆரஞ்சு வித்துட்டு கெடந்து, பெறவு நடிக்க வந்த நெல் குவின்னு ஒரு பொண்ணு. அவளுக்குப் பெறந்த மகனை செயின்ட் ஆல்பன்ஸ் பிரபு ஆக்கினாரு. அரச சின்னமும் குடுத்தாரு. ஆனா குறுக்க ஒரு செவப்புக் கோலைப் போட்டுக் குடுத்தாரு. 'ராசாவுக்க மகன்தான், ஆனா அந்த வழியில்லை'ன்னு ஊருக்குச் சொல்லுக கோடு அது. அந்த வம்சம் அதை இப்பமும் பெருமையாத் தூக்கிட்டு நடக்கு. நம்ம ஊர்ல இதை ஆராவது கேட்டுல வெல்டிங் பண்ணுவானா, சொல்லு.

சிரிக்கியா? கழுத்து போன கதையும் இருக்கு. ஹோவர்டுன்னு ஒரு குடும்பம். 1513-ல ஃபிளாடன் சண்டையில ஸ்காட்லாந்துக்காரனை அடிச்சு, அவங்க ராசாவையும் கொன்னுட்டாவ. எட்டாம் ஹென்றி சந்தோசத்துல அந்தக் குடும்பக் கேடயத்துல புதுசா ஒண்ணு சேக்கச் சொன்னாரு. ஸ்காட்லாந்துச் சிங்கத்தைப் பாதியா நறுக்கி, வாயில அம்பு குத்துன மாதிரி. தோத்தவனைச் சுவத்துல அடிச்சு வைக்க மாதிரி ஒரு மரியாதை. அம்புட்டு செல்லம். அந்தச் சண்டை செயிச்சவருக்க பேரன், சர்ரே பிரபு. நல்லாக் கவிதை எழுதுவான், திமிரும் உண்டு. குடுத்தது போராதுன்னு எட்வர்டுங்க பழைய ராசாவுக்க சின்னத்தையும் தன் கேடயத்துல சேத்துட்டான். 'எங்க முப்பாட்டன் காலத்துலயே உரிமை உண்டு'ன்னு வாதாடியும் பாத்தான். ஹென்றிக்கு அப்பம் உடம்பு அழுகிக் கெடக்கு, மகனோ சின்னப் பய. தனக்குப் பெறவு சர்ரே நாற்காலியில குத்த வச்சுருவானோன்னு பயம். ராசத்துரோகம்னு எழுதி 1547 ஜனவரி 19-ம் தேதி சர்ரேக்க தலைய வெட்டினாவ. ஒம்பதாம் நாள் ராசாவும் செத்தாரு. சர்ரேக்க அப்பனுக்கும் அதே நாள் காலையில வெட்டு விழ இருந்தது. ராசா அதுக்கு முன்னயே கண்ணை மூடுனதுனால அந்தக் கெழவன் தப்பிச்சான். பத்து நாள் பொறுத்திருந்தா மகனும் தப்பியிருப்பான். ஒரு படத்துக்காகக் கழுத்தைக் குடுத்தவன் கவிதை எழுதி என்ன பிரயோசனம்?

அடுத்தவன் சின்னத்தை எடுக்கியது பெலன் உள்ளவனுக்கு வேற நியாயம். மூணாம் எட்வர்ட் 1340-ல ஃபிரான்சும் எனக்குத்தான்னு அந்த ஊரு லில்லிப் பூவைத் தன் கேடயத்துல ஒட்டிக்கிட்டாரு. நாடு கைவிட்டுப் போயி தலைமுறை தலைமுறையா ஆயாச்சு, பூவை 1801 வரைக்கும் எடுக்கல்ல. நம்ம சோழன் மட்டும் சும்மாவா இருந்தான்? ராசேந்திரன் குடுத்த திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையைப் பாரு. நடுவுல புலி, பக்கத்துல பாண்டியன் மீனு, சேரனுக்க வில்லு. ரெண்டு பேரையும் கையெழுத்துக்கு அடியில இருத்தி வச்சாச்சு.

பெறவு காலம் மாறிப் போச்சு. 1877 ஜனவரியில டெல்லியில லிட்டன் துரை ஒரு தர்பார் போட்டான். நம்ம நாட்டு ராசாக்களுக்கு ஐரோப்பா மாதிரியில கேடயச் சின்னம் வரஞ்சு குடுக்க ராபர்ட் டெய்லர்னு ஒரு துரையைப் பிடிச்சான். பட்டுக் கொடி, பித்தளைக் கம்பு. கனம் தாங்க மாட்டாம ஒரு கொடியத் தூக்க ரெண்டு தடியன் சிப்பாய் வேணும்னு ஆயிப் போச்சு. ஆயிரம் வருசம் ஆண்ட வம்சம் எல்லாம் வரிசையில நின்னு, நேத்து வந்தவன்ட்ட இருந்து 'இந்தா உன் குலச்சின்னம்'னு வாங்கிட்டுப் போச்சு. உன் கம்ப்யூட்டர்காரன் பரவாயில்லலே.

இனி இதைக் கொஞ்சம் உக்காந்து கேளு. நம்ம சீமையில குடை பிடிக்க, செருப்பு போட, மாடி வீடு கெட்ட, பாதிப் பேருக்கு அனுமதி இல்லாத காலம் ஒண்ணு இருந்துது. பெண்டுகள் மேல்துணி போட 1859 வரைக்கும் அடியும் மிதியும் பட்டு நிக்க வேண்டி வந்துது. தலப்பா கெட்டுனா அது மேல்சாதிக்குள்ள மரியாதை, கீழ உள்ளவன் தலையில துணி ஏறப்பிடாது. அப்பம் சாமித்தோப்புல வைகுண்டசாமி சொன்னாரு: எல்லாரும் தலப்பா கெட்டிட்டு வந்து கும்பிடுங்கன்னு. அது கிரீடம் மாதிரின்னு அய்யாவழிக்காரங்க இப்பமும் சொல்லுகாங்க. அவங்க கோயில் பள்ளியறையில என்ன இருக்கு? கண்ணாடி. தலப்பாவோட நின்னு உன்னைய நீயே பாத்துக்கோ. ராசாவுக்குப் பிடிக்குமா? பிடிச்சுட்டுப் போயி திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புல அடைச்சுப் போட்டாவ. மனுசன் அசையல்ல. ஒரு முழத் துணி மக்கா. எரவல் கேக்கல்ல, லைசென்சு எடுக்கல்ல, எவனுக்கும் காசு கெட்டல்ல.

உன் கேட்டுக்கு வருவோம். 1956 நவம்பர் 1-ல தக்கலை தமிழ்நாட்டுக்கு வந்துது. பத்மநாபபுரம் கொட்டாரம் நிக்க மண்ணு நம்மளுக்கு, கொட்டாரத்துக்க நிர்வாகம் கேரளாவுக்கு. தாலுகா ஆபீஸ் தாள்ல கோபுரம், கொட்டாரத்துக்குள்ள போனா கேரள முத்திரை. திருவிதாங்கூர் ஆனை ரெண்டும் சங்கும் அப்படியே இருக்கு, மேல அசோகச் சிங்கம் ஏறி உக்காந்திருக்கு. அந்தச் சிங்கத்தையும் சேத்துப் போட்டுராத. 2005-ல சட்டம் வந்தாச்சு. ரெண்டு வருசம் வரைக்கும் செயில், இல்லன்னா ஐயாயிரம் ரூவா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் கிட்டும்.

நவராத்திரிக்கு முன்ன ஒருநாள் கொட்டாரத்துக்கு வா. சரசுவதி அம்மனும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குக் கெளம்புவாவ. உப்பரிகை மாளிகையில ராசாவுக்க உடைவாள் கைமாறும். ரெண்டு மாநிலத்துப் போலீசும் வெறைச்சு நின்னு மரியாதை செய்யும். அங்க நின்னு பாத்துட்டுச் சொல்லு, உன் கேட்டுல ஆனை வேணுமா வேண்டாமான்னு.

வரும்பம் காரைக் கொண்டு வராத, நிறுத்த எடம் கிட்டாது. மார்த்தாண்டத்துல நாகர்கோயில் போற கேரளா பஸ் வரும், நம்ம ஆனவண்டி. ராசா காலத்துல, 1938-ல தொடங்குன சர்வீசு. பக்கத்துல ரெண்டு ஆனையும் உண்டு. டிக்கெட்டு எடுத்தா ஆருக்கும் ஏறலாம்.